புத்தக அட்டையைப் பகிரும்போது ஓவியரின் பெயரையும் எழுத வேண்டுமா? அதை எங்கே தேடுவது?

கட்டாயம் எழுதுங்கள். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொருளாதார உரிமைகளை (படைப்பை அச்சிடுவது, விற்பது போன்றவை) கைமாற்றிவிட்டாலும் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற உரிமை படைத்தவரிடமே இருக்கும்.

முதலில் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். 'அட்டைப்படம்', 'அட்டை வடிவமைப்பு' என்று இரண்டு பெயர்கள் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்; வரைந்தவரும் எழுத்துருவை அமைத்தவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். அங்கே இல்லையென்றால் முன்னுரையின் நன்றிப் பகுதி, பின்னட்டை. ஈழத்து நூல் என்றால் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் மின்வடிவம் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பழைய புத்தகக் கட்டொன்றில் எனக்குக் கிடைத்த ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டையில் கறுப்பு, செம்மண் என இரண்டே நிறங்கள். ஒற்றைப் பனையின் நிழல் நீண்டு வந்து தலைப்பின் முதல் எழுத்துக்குக் கொம்பாக வளைகிறது. என்ன அழகு! பல நாள் ரசித்த பிறகுதான் வேரோரம் மிகச் சிறிய கையொப்பம் கண்ணில் பட்டது. படமெடுக்கும்போது அந்த மூலையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.