குற்றமும் தடயமும்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

தடய அறிவியல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

சார், ஈக்கள் கொலைகாரனைக் காட்டிக்கொடுத்தன என்று எங்கோ படித்தேன். நிஜமா, கட்டுக்கதையா?

பதிவான சம்பவம்தான். சீனாவில் சோங் சி என்ற அதிகாரி 1247-ல் பிரேத விசாரணைக்கு ஒரு கையேடு எழுதினார். அதில் வருகிறது. ஒருவன் உடம்பெல்லாம் வெட்டுக்காயத்தோடு கிடக்கிறான். அவனுடைய பொருள் எதுவும் களவு போகவில்லை. காயங்களோ அரிவாள் வெட்டு. திருட்டு இல்லையென்றால் பகைதான் என்று விசாரணை அதிகாரி முடிவு செய்து, அக்கம்பக்கத்தில் உள்ள அத்தனை அரிவாள்களையும் கொண்டுவந்து வெயிலில் பரப்பச் சொல்கிறார். எழுபது, எண்பது அரிவாள்கள். அவற்றில் ஒன்றை மட்டும் ஈக்கள் மொய்க்கின்றன. கழுவித் துடைத்த அரிவாள்தான். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஈயின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அதன் சொந்தக்காரன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இன்றும் ஈக்கள் எங்கள் துறைக்கு உதவுகின்றன. பச்சை, நீல நிறத்தில் மின்னும் ஈக்கள் சில நிமிடங்களிலேயே சடலத்தைத் தேடி வந்துவிடும். முட்டை பொரிந்து புழுவாகி, அது கூட்டுப்புழுவாக எவ்வளவு காலம் ஆகும் என்பது இனத்தையும் அந்த இடத்தின் வெப்பத்தையும் பொறுத்தது. இரண்டும் தெரிந்தால் இறப்பு நடந்து குறைந்தது எத்தனை நாள் என்று கணக்கிட முடியும். துல்லியமாக மணி சொல்வதெல்லாம் சினிமாவில் மட்டும்தான்.

செத்த பிறகும் முடியும் நகமும் வளரும் என்கிறார்களே, ஐயா?

வளராது. உடல் ஈரம் இழந்து தோல் உள்வாங்குகிறது. அதனால் நகமும் தாடியும் நீண்டதுபோல் தெரிகிறது.

விரல்ரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் முறை லண்டன் போலீஸின் ஸ்காட்லாந்து யார்டில் தொடங்கியதுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் இரண்டு பேருக்குச் சேரவேண்டிய பெருமை இருக்கிறது.

ஸ்காட்லாந்து யார்டில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது 1901-ல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1897-ல், கல்கத்தாவில் அப்படி ஓர் அலுவலகம் வந்துவிட்டது. ரேகை ஆளுக்கு ஆள் மாறும் என்பது அதற்கு முன்பே தெரியும். 1858-லேயே வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி வங்காளத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்தோடு உள்ளங்கை அச்சையும் வாங்கினார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்கள் அலமாரியில் இருக்கின்றன. புதிதாக ஒன்று வருகிறது. அதற்கு ஜோடியை எப்படித் தேடுவது? ஒவ்வொன்றாகப் புரட்டினால் மாதக்கணக்கில் ஆகும்.

இதற்கு வழி கண்டவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளக் காவல் அதிகாரிகள். பத்து விரல்களை ஐந்து ஜோடிகளாக்கினார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் 16, 8, 4, 2, 1 என்று ஒரு மதிப்பு. சுழி உள்ள விரலுக்கு மட்டும் அந்த மதிப்பைப் போட்டு, ஜோடியில் ஒரு விரலை மேலேயும் மற்றதைக் கீழேயும் கூட்டினால் ஒரு பின்னம் கிடைக்கும். மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு, ஆக மொத்தம் 1,024 அறைகள். புதிய தாள் எந்த அறைக்குப் போகும் என்று உடனே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் வராத காலத்துத் தேடல் முறை இது. கணிதம் ஹக் செய்தது. போஸ் அதை மேலும் நுட்பமாக்கியதோடு தந்தியில் அனுப்புவதற்கான குறியீடுகளையும் உருவாக்கினார்.

உலகம் இதை மேலதிகாரியின் பெயரில் 'ஹென்றி முறை' என்று அழைத்தது. எட்வர்ட் ஹென்றி பின்னாளில் லண்டன் காவல்துறையின் தலைவராகவே ஆனார். ஹக், போஸ் இருவருக்கும் பட்டமும் வெகுமதியும் தாமதமாகத்தான் வந்தன. இப்போது பிரிட்டனின் விரல்ரேகைச் சங்கம் இவர்கள் பெயரில் ஒரு விருது வைத்திருக்கிறது. நம் பாடப்புத்தகங்களிலும் இந்தப் பெயர்கள் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்படியென்றால் ரேகையை வைத்து முதலில் தண்டனை பெற்றவரும் இந்தியரா?

கொலைக்காக என்றால் அர்ஜென்டினாவில்தான், 1892-ல். பிரான்சிஸ்கா ரோஜாஸ் என்ற பெண் தன் இரண்டு குழந்தைகளைக் கொன்றுவிட்டு, பழியைப் பக்கத்தில் வசித்த ஒருவர்மேல் போட்டாள். அந்த மனிதரைச் சித்திரவதை செய்தும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கதவில் பதிந்திருந்த ரத்தக் கட்டைவிரல் ரேகை அவளுடையது என்று தெரிந்தது.

அப்புறம், 1898-ல் வங்காளத்தின் ஜல்பைகுரி வழக்கு. தேயிலைத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். ஒரு பஞ்சாங்கத்தின் மேல் ரத்தக் கறையோடு விரல் பட்டிருக்கிறது. அது பழைய கைதி ஒருவனின் ரேகையோடு பொருந்தியது. நீதிமன்றம் அவனுக்குத் திருட்டுக்காகத் தண்டனை கொடுத்தது, கொலைக்குக் கொடுக்கவில்லை. ரேகை அவன் அங்கே இருந்ததைச் சொல்கிறது, கொன்றதைச் சொல்லவில்லை என்பதே காரணம். ஒரு தடயம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அத்தனை ஆரம்பத்திலேயே அவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள்.

அண்ணா, எங்கள் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார். ரேஷன் கடை மெஷினில் ரேகை விழவே மாட்டேன் என்கிறது. ரேகை அழிந்துபோகுமா?

மேல்தோல் தேய்ந்திருக்கும், தம்பி. சிமென்ட் காரத்தன்மை உள்ளது, தோலை அரிக்கும். ஆனால் ரேகையின் வேர் தோலுக்குள் இருக்கிறது. கைக்குச் சில வாரம் ஓய்வு கிடைத்தால் பழைய ரேகை அப்படியே திரும்ப வரும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். கடைக்குப் போகும் முன் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, வேறு விரல்களையும் வைத்துப் பார்க்கட்டும். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கவும் முடியும். கருவிழிப் பதிவுக் கருவி உள்ள கடை என்றால் அதையே கேளுங்கள்.

ஜான் டில்லிஞ்சர் என்ற அமெரிக்கக் கொள்ளைக்காரன் ரேகையை அழிக்க அமிலம் வைத்துப் பார்த்தான். 1934-ல் சுட்டுக் கொல்லப்பட்டபோது மிச்சமிருந்த ரேகையை வைத்தே அடையாளம் கண்டார்கள். பிறவியிலேயே ரேகை இல்லாத சில குடும்பங்களும் உண்டு. ஒரே ஒரு மரபணுவில் உள்ள மாற்றம்தான் அதற்குக் காரணம் என்று 2011-ல் கண்டுபிடித்தார்கள்.

இரட்டையர்களுக்கு ஒரே ரேகையா? விலங்குகளுக்கும் ரேகை உண்டா?

ஒரே மாதிரி இருக்கும் இரட்டையருக்கும் ரேகை வேறுதான். கருவில் மூன்றாவது மாதவாக்கில் அது உருவாகத் தொடங்குகிறது. அப்போது ஒவ்வொரு விரலிலும் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள் வடிவத்தை மாற்றிவிடுகின்றன.

குரங்கினங்களுக்கு ரேகை இருப்பது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் ஆஸ்திரேலியாவின் கோலா என்ற விலங்கு. நமக்கும் அதற்கும் உறவு பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அதன் விரலில் நம்முடையது போன்ற ரேகை. நுண்ணோக்கியில் பார்த்தாலும் குழப்பும் அளவுக்கு ஒற்றுமை. இரண்டு இனமும் தனித்தனியாக அதை வளர்த்துக்கொண்டிருக்கின்றன.

பாஷாணம் வைத்துக் கொன்றால் தெரியாது என்பார்களே, சார்?

ஒரு காலத்தில் உண்மைதான். ஆர்சனிக் என்ற பாஷாணத்துக்கு மணமில்லை, பெரிதாகச் சுவையில்லை. அறிகுறியும் காலரா மாதிரியே இருக்கும். ஐரோப்பாவில் அதற்கு 'வாரிசுப் பொடி' என்றே பெயர். 1832-ல் இங்கிலாந்தில் தாத்தாவின் காபியில் ஆர்சனிக் கலந்ததாக ஒருவன்மேல் வழக்கு வந்தது. வேதியியலர் ஜேம்ஸ் மார்ஷ் காபியில் நஞ்சைக் கண்டுபிடித்தார். ஆனால் நீதிமன்றத்தில் காட்டுவதற்குள் அந்த மாதிரி கெட்டுவிட்டது, அவன் தப்பிவிட்டான். பிறகு, ஆமாம் நான்தான் செய்தேன் என்றும் சொன்னான். மார்ஷ் மனம் உடைந்து உட்காரவில்லை. 1836-ல் புதிய சோதனை ஒன்றை வெளியிட்டார். துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்தால் ஆர்சனிக் வாயுவாக வெளியேறும். அதைச் சூடாக்கினால் கண்ணாடியில் பளபளக்கும் கறுப்புப் படலம் படியும். மிகச் சிறிய அளவும் தப்பாது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. சென்னையில் நஞ்சுகளைச் சோதிக்க வேதியியல் பரிசோதனைக்கூடம் 1849-லேயே வந்தது. இந்தியாவில் அதுதான் முதல்.

ஆளவந்தார் கொலை வழக்கில் தடயம் எப்படி உதவியது?

1952 ஆகஸ்டில் சென்னைப் பேனா வியாபாரி ஆளவந்தார் காணாமல் போனார். போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டியில் தலையில்லாத உடல் இருந்தது. மானாமதுரையில் இறக்கினார்கள். தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையதா, யாருடையது என்பதுதான் கேள்வி. காதில் இருந்த இரண்டு துளைகள் ஓர் அடையாளம். முன்பு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அங்கே பதிவாகியிருந்த விரல்ரேகை இன்னொன்று. கல்கத்தாவில் தொடங்கிய முறை இங்கே கைகொடுத்தது.

டி.என்.ஏ. பொய்யே சொல்லாது அல்லவா?

டி.என்.ஏ. சொல்லாது. அதை எடுக்கும் விதம் சொல்லலாம். 2007-ல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் இளம் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் கிடைத்த டி.என்.ஏ. ஒரு பெண்ணுடையது. அதே டி.என்.ஏ. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று நாற்பது குற்ற இடங்களில் இருந்தது. கொலை முதல் சாதாரணத் திருட்டு வரை. யார் இந்தப் பெண் என்று நாடே தேடியது. 3 லட்சம் யூரோ சன்மானம் அறிவித்தார்கள்.

2009-ல், எரிந்துபோன ஓர் ஆண் சடலத்தை அடையாளம் காணப் போனபோது அங்கேயும் அதே பெண்! அப்போதுதான் சந்தேகம் திரும்பியது. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அது. குச்சிகளைக் கிருமிநீக்கம் செய்திருந்தார்கள். கிருமி சாகும், டி.என்.ஏ. போகாது. இல்லாத ஒரு பெண்ணைத் தேடி வருடங்கள் வீணாகின. அந்தக் காவலரைக் கொன்றது ஹிட்லரின் கொள்கையைப் பின்பற்றும் ஒரு நவநாஜிக் கும்பல் என்பது 2011-ல்தான் வெளியானது. அவருடைய குடும்பம் அத்தனை காலம் காத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

கடைசியாக ஒன்று. குற்றவாளியே ஒப்புக்கொண்டால் தடயம் எதற்கு, சார்?

இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் 1983-லும் 1986-லும் இரண்டு பதினைந்து வயதுச் சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். இரண்டையும் அவன்தான் செய்தான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள, அதே ஊரில் டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டுபிடித்திருந்த அலெக் ஜெஃப்ரிஸிடம் போலீஸ் போனது. இரண்டு கொலையும் ஒரே ஆள் செய்தது, ஆனால் அந்த ஆள் இவன் இல்லை என்று முடிவு வந்தது. கொலை வழக்கில் டி.என்.ஏ. முதலில் செய்த வேலை ஒரு நிரபராதியை விடுவித்ததுதான். பிறகு ஆயிரக்கணக்கான ஆண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். உண்மையான கொலைகாரன் தனக்குப் பதிலாக வேலைத்தள நண்பனை அனுப்பினான். அந்த நண்பன் மதுக்கடையில் உளறியதில் கொலைகாரன் மாட்டி, 1988-ல் ஆயுள் தண்டனை பெற்றான்.

நம் நாட்டில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டமே சொன்னது. அதற்குப் பதிலாக 2023-ல் வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி அப்படியே இருக்கிறது.