பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை எதுவும் ஆகாத பிள்ளைக்கு என்னதான் கொடுப்பது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் உணவியலாளர், டாக்டர் இல்லை. உணவு அலர்ஜி உள்ள பிள்ளைகளின் வீட்டிலிருந்து வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்ததைச் சுருக்கி எடுத்திருக்கிறேன். மருந்து அளவு கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் கிடையாது, அதைப் பிள்ளையின் எடையைப் பார்த்து உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மகனுக்கு 3 வயது. பால் குடித்தாலும் முட்டை சாப்பிட்டாலும் உடம்பெல்லாம் தடிப்பு வரும். ஒரு லேபில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அரிசி, துவரம்பருப்பு, தக்காளி, வாழைப்பழம் என்று பெரிய பட்டியலே வந்துவிட்டது. இட்லி கொடுக்கவே கை நடுங்குகிறது அக்கா.

இட்லியைக் கொடுங்கள். இதுவரை அரிசியும் பருப்பும் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒரு காகிதத்தை நம்பி நிறுத்த வேண்டாம். அந்த ரிப்போர்ட்டில் ஐஜிஜி என்று போட்டிருக்கிறதா, ஐஜிஇ என்று போட்டிருக்கிறதா பாருங்கள், இரண்டும் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருளின் வகைகள். ஐஜிஜி என்றால் பிள்ளை அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறான் என்பதைத்தான் காட்டும், அலர்ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐஜிஇ பரிசோதனை உண்மையிலேயே பயன்படுவதுதான், ஆனால் அதிலும் 'பாசிட்டிவ்' வந்தவர்கள் எல்லோருக்கும் அலர்ஜி இருப்பதில்லை, சாப்பிட்டால் என்ன நடக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் மருத்துவமனையில் வைத்து, டாக்டர் பக்கத்தில் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதுதான் கடைசித் தீர்ப்பு.

தேவையில்லாமல் நிறுத்துவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் காட்டினாலும் தினமும் ஒன்றும் ஆகாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒன்றை மாதக்கணக்கில் விட்டுவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது நிஜமாகவே அலர்ஜி வந்த பிள்ளைகள் உண்டு. அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள்: என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது. தடிப்பு வகை அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அந்த நோட்டோடு அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் போங்கள், பட்டியல் தானாகச் சுருங்கும்.

கேள்வி: பசும்பால் ஆகாது. ஆட்டுப்பால், நாட்டுமாட்டு ஏ2 பால், லாக்டோஸ் இல்லாத பால், இதில் எது பரவாயில்லை? நெய்யாவது விடலாமா?

எதுவும் வேண்டாம். அலர்ஜி பாலிலுள்ள புரதத்துக்கு வருவது. ஆடு, எருமை, நாட்டுமாடு எல்லாவற்றின் பால் புரதமும் ஏறக்குறைய ஒரே ஜாடை, பசும்பால் அலர்ஜி உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. லாக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை, அதை எடுத்துவிட்டாலும் புரதம் அப்படியேதான் இருக்கும். அது வயிறு உப்புசம் வருகிறவர்களுக்கான பால். நெய்யில் புரதம் மிகக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை, வீட்டில் வெண்ணெய் காய்ச்சி எடுத்தால் அடியில் நிற்கும் கசண்டு முழுக்க அதுதான். சில பிள்ளைகள் தாங்குவார்கள், சிலர் தாங்க மாட்டார்கள். டாக்டர் சொல்லாமல் நீங்களாக விட்டுப் பார்க்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். மகளுக்கு 4 வயது, பாலும் வேர்க்கடலையும் ஆகாது. கால்சியத்துக்கு எங்கே போவது? தேங்காய்ப்பால் கொடுத்தால் போதுமா?

போதாது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு இருக்கிறது, எடை ஏற உதவும், ஆனால் கால்சியமும் புரதமும் சொற்பம். வெள்ளையாக இருப்பதால் பாலுக்குப் பதில் என்று நினைத்துவிடுகிறோம். ராகிதான் உங்களுக்குக் கை கொடுக்கும். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, 4 முதல் 6 வயதுக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் தேவை என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் சொல்லியிருக்கிறது. முளைகட்டி அரைத்தால் உடம்பில் சேர்வது கூடும். ராகியோடு முருங்கைக்கீரை, எள் ஒத்துக்கொண்டால் எள்ளுருண்டை. சோயா ஒத்துக்கொண்டால் கால்சியம் சேர்த்த சோயா பால் நல்லது, அதில் புரதமும் கிடைக்கும்.

இவ்வளவும் செய்தாலும் சைவப் பிள்ளைக்குப் பால், தயிர் நின்றுபோனால் பி12-க்கு வழியே இல்லை. கீரை, ராகி எதிலும் கிடைக்காது. அதை மருந்தாகத்தான் கொடுக்க வேண்டும், வைட்டமின் டி-யையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் கதையே வேறு: தாய்ப்பால், அது இல்லாவிட்டால் புரதத்தை உடைத்துச் செய்த சிறப்புப் பால் பவுடர். விலை கண்ணைக் கட்டும், தெரியும். அதற்காக ராகிக் கஞ்சியைப் பாலாக நினைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பால், முட்டை, கோதுமை, கடலை நான்கும் கிடையாது. ஒரு நாள் சாப்பாடு சொல்லுங்களேன், யோசித்து யோசித்து மூளை காய்ந்துவிட்டது.

நம் ஊர்ச் சமையலில் பிறந்த பிள்ளைக்கு அதிர்ஷ்டம்தான், பாதிச் சாப்பாட்டில் இந்த நான்கும் கிடையாது. காலையில் ராகிப் புட்டு, தேங்காய்த்துருவல், வெல்லம், ஒரு வாழைப்பழம். அல்லது இட்லியும், கரண்டி நின்றால் சாயாத அளவுக்குப் பருப்புப் போட்ட சாம்பாரும். பதினொரு மணிக்கு வேகவைத்த சர்க்கரைவள்ளி. மதியம் சோறு, பருப்பு, கீரை, அதன் மேல் ஒத்துக்கொள்ளும் எண்ணெய் ஒரு ஸ்பூன், அசைவம் உண்டென்றால் கோழியோ முள் எடுத்த மீனோ. சாயங்காலம் பச்சைப்பயறு சுண்டல். ராத்திரி அடை, இல்லையென்றால் தேங்காய்ப்பாலோடு இடியாப்பம். பால், நெய், கடலை போனதும் முதலில் குறைவது கொழுப்புதான், பிள்ளை இளைப்பதும் அதனால்தான், எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். மாதம் ஒரு முறை எடை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம் குறித்து வையுங்கள்.

கேள்வி: கோதுமை வீட்டுக்குள்ளேயே வருவதில்லை. ஆனாலும் சாம்பார் சாப்பிட்டால் சில நாள் வாயைச் சுற்றிச் சிவக்கிறது.

பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். அடுத்து மாவு மில். உங்களுக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்துவிட்டுப் போன கல்லில்தான் உங்கள் ராகியும் மிளகாய்த்தூளும் விழுகிறது, சின்ன மிக்ஸி கிரைண்டரில் வீட்டிலேயே அரைப்பது தொல்லைதான், வேறு வழி தெரியவில்லை. கடைச் சத்துமாவைத் தொடவே தொடாதீர்கள், கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, சோயா எல்லாம் ஒன்றாகப் போட்டு அரைத்தது அது. ரவை, சேமியா இரண்டும் பெரும்பாலும் கோதுமைதான் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: வேர்க்கடலை ஆகாத பிள்ளைக்கு மரச்செக்குக் கடலை எண்ணெய் நல்லதுதானே, கலப்படம் இல்லையே?

நல்ல எண்ணெய்தான், உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஆகாது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் கடலைப் புரதம் தங்கும். அதே செக்கில் அடுத்து ஆட்டிய தேங்காய் எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும்கூட அது ஒட்டிக்கொண்டு வரலாம்.

கேள்வி: கடலை ஆகாதென்றால் பருப்பு வகை எல்லாமே கூடாதா? பொட்டுக்கடலை?

பெரும்பாலான பிள்ளைகள் மற்றப் பருப்புகளைத் தாராளமாகச் சாப்பிடுவார்கள். பொட்டுக்கடலை கொண்டைக்கடலை வகை, வேர்க்கடலை இல்லை. ஆனால் ஓட்டல் சட்னியில் எதை அரைத்திருக்கிறார்கள் என்று கேட்காமல் ஊற்றாதீர்கள். முந்திரி ஆகாத பிள்ளைக்குப் பிஸ்தாவும் கூடாது.

கேள்வி: நான் பாட்டி பேசுகிறேன். எங்க காலத்துல இதெல்லாம் கேள்விப்பட்டதே இல்லை. தினம் துளித்துளியாக் கொடுத்தா பழகிடாதா?

அம்மா, நீங்கள் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. 2015-ல் லண்டனில் ஒரு ஆய்வு முடிவு வந்தது. தோலில் கடும் எக்ஸிமாவோ (அரிப்போடு வரும் கரப்பான்) முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு வேர்க்கடலை உணவைச் சின்ன வயதிலேயே தொடங்கினார்கள், மறு பாதிக்கு ஐந்து வயதுவரை தரவே இல்லை. சாப்பிட்டவர்களிடம் கடலை அலர்ஜி மிகவும் குறைவாக இருந்தது. ஆனால் அது அலர்ஜி வராமல் தடுக்கும் வழி. உங்கள் பேரனுக்கு வந்தேவிட்டது. வந்தபிறகு பழக்கும் சிகிச்சையும் உண்டு, மில்லிகிராம் கணக்கில் எடை போட்டு, டாக்டர் எதிரில் கொடுப்பார்கள், அதிலேயே சில பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் வரும். வீட்டில் விரலால் தொட்டு நாக்கில் வைக்கிற வேலை வேண்டாம் அம்மா. அவனுக்கு உங்கள் கையால் கேழ்வரகுக் கொழுக்கட்டை செய்து கொடுங்கள், எந்த மருமகளும் தடுக்க மாட்டாள்.

கேள்வி: முட்டை அலர்ஜி. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி போடலாமா?

போடலாம். தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: பாக்கெட்டில் எதைப் பார்ப்பது?

கோதுமை மாதிரி பசையம் (குளூட்டன்) உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகை, சோயா, சல்பைட் என்ற பதப்படுத்தும் பொருள் இவற்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. எள்ளும் கடுகும் அதில் இல்லை, அந்த அலர்ஜி இருந்தால் பொருள் பட்டியலை முழுக்கப் படிக்க வேண்டும். அதே பிஸ்கட்டை நூறாவது முறை வாங்கினாலும் படியுங்கள், கம்பெனிகள் சொல்லாமல் மாற்றிவிடுவார்கள். ஸ்வீட் ஸ்டாலில் நிறுத்துக் கொடுப்பதற்கு லேபிளே கிடையாது, எனவே வேண்டாம்.

கேள்வி: தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் அவில் (அலர்ஜி மருந்து) கொடுத்துத் தூங்க வைக்கலாமா?

நான்கு தடிப்பு மட்டும் என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள், தூங்க வைக்காதீர்கள். மூச்சிரைப்பு, குரல் மாற்றம், நாக்கு வீக்கம், தடிப்போடு வாந்தி, பிள்ளை துவண்டு போவது, இதில் ஒன்று வந்தாலும் அவில், செட்ரிசின் மாதிரி அலர்ஜி மருந்து எதுவும் காப்பாற்றாது. அட்ரினலின் ஊசிதான், தொடையின் வெளிப்பக்கம், தசைக்குள். பேனா மாதிரி இருக்கும் தானியங்கி ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை, அதனால் மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் வீட்டில் வைக்கலாமா, யார் போடுவது, எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டுப் படுக்க வையுங்கள், மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். ஊசியில் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரக்கூடும்.

கேள்வி: மகன் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. கோதுமையும் முட்டையும் ஆகாது. காலை உணவுத் திட்டத்தில் உப்புமா போடுகிறார்கள்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ரவை, சேமியா வருகிற நாட்கள் உண்டு, பொங்கல் நாளும் உண்டு. தலைமையாசிரியரிடம் டாக்டர் கடிதத்தோடு போய், சமைக்கும் சுய உதவிக் குழு அக்காக்களிடமும் நேரில் பேசுங்கள், கடிதத்தைவிட அந்தப் பேச்சுதான் வேலை செய்யும். ரவை நாளில் வீட்டிலிருந்து இட்லி, பொங்கல் நாளில் தனிக் கரண்டி. மதியம் முட்டை வேண்டாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள், அதைக் கேளுங்கள். பக்கத்துப் பிள்ளையின் கையிலிருந்து வருவதைச் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும், சானிடைசர் அலர்ஜிப் புரதத்தை எடுக்காது.

கேள்வி: இது வாழ்நாள் முழுக்கவா?

பால், முட்டை, கோதுமை அலர்ஜி பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும், வேர்க்கடலை ஐந்தில் ஒருவருக்குத்தான் போகும். அதனால் வருடம் ஒரு முறையாவது டாக்டரிடம் மறுபடி பாருங்கள். எட்டு வயதுவரை ஒரு பிள்ளைக்குப் பால் காட்டாமலே வைத்திருந்து, எப்போதோ சரியாகிவிட்டது என்று தாமதமாகத் தெரிய வருகிற வீடுகள் நிறைய.

கேள்வி: பிறந்தநாளுக்குக் கேக் கேட்டு அழுகிறாள். நான்கும் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். வீட்டில் அரைத்த ராகி மாவு ஒரு கப், அரிசி மாவு அரை கப், பொடித்த வெல்லம் முக்கால் கப், நன்றாகப் பழுத்த வாழைப்பழம் இரண்டு, தேங்காய்ப்பால் ஒரு கப், எண்ணெய் கால் கப், ஆப்ப சோடா அரை ஸ்பூன். கடைசியில் எலுமிச்சைச்சாறு ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்கி உடனே இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள், ஓவனில் வைத்தால் உதிரும். முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள். மேலே கடைச் சாக்லேட் தூவ வேண்டாம், பலதில் பால் இருக்கும்.