48 பிள்ளைகள், 25,000 ரூபாய்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: கீழக்கரைக்குக் கிழக்கே, கடலோரத்தில் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. 48 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். நாலாம் வகுப்பிலேயே பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை. மானியமெல்லாம் துருப்பிடித்த ஜன்னலுக்கே போகிறது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக நான் என்ன செய்யலாம்?

பதில்: மூன்றாவது ஆசிரியர் கேட்டு அலைய வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இருவர்தான். 61 ஆனால்தான் இன்னொருவர். இருக்கிற இருவரை வைத்தே வாசிப்பைத் தூக்கிவிடலாம்.

ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கவைக்கச் சொல்லுங்கள்: எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி. ஆளுக்கு 4 நிமிடம், இரண்டு நாளில் முடிந்துவிடும். பக்கத்தில் படம் இருந்தால் அதைக் கையால் மறைப்பது முக்கியம். 'படகு' என்று சட்டென்று சொன்ன பிள்ளை, மறைத்ததும் 'ப... ட...' என்று நின்றுவிடும். அதுவரை அது வாசித்தது படத்தை. 'கொடி'யைக் 'கோடி' என்று படிக்கிற பிள்ளைக்குச் சிக்கல் கொம்பில். அதற்குக் கொ-கோ, தொ-தோ என்று இணை இணையாக ஒரு வாரம் கொடுத்தால் போதும், பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்திப் பயனில்லை. பிறகு வகுப்பைப் பார்க்காமல், அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் நிலைப்படி தினமும் முதல் ஒரு மணி நேரம் பிரித்து உட்காரவையுங்கள். ஒரு ஆசிரியர் அரும்புக்கு மட்டும்.

வருகைப் பதிவேட்டையும் புரட்டுங்கள். அம்மா கடல்பாசி எடுக்கப் போகும் நாட்களில் அக்காள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிடுகிறாளா? கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று தாய்மார்களே முறை வைத்துக்கொண்டால்தான் அந்தப் பெண் பள்ளிக்கு வருவாள்.

இனி பணம். 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் 10 சதவீதமாவது, அதாவது 2,500, தூய்மைப் பணிக்கு. மீதியில் ஜன்னலும் கூரையும் பார்த்தால் வாசிப்பு அட்டைக்குக் காசு இருக்காது. கட்டடம் ஒன்றியத்துடையது, பெரிய பழுதுக்குக் குழுவில் தீர்மானம் போட்டு, புகைப்படத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையிலும் அதையே பதிவு செய்யுங்கள். வளைகுடா நாடுகளில் இருக்கும் ஊர்க்காரர்கள் உதவ வந்தால் ரொக்கமாக வாங்காதீர்கள். அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளம் வழியே அனுப்பச் சொல்லுங்கள்.

ஜன்னல் கம்பிக்குத் துரு மேலேயே பெயின்ட் அடித்தால் உப்புக்காற்றில் சீக்கிரமே உரிந்துவிடும். கம்பி பிரஷால் சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் ஒரு பூச்சு, எனாமல் இரண்டு பூச்சு. ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.