காவலைக் குத்தகைக்கு விடும் நகரங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கலிபோர்னியாவில் சுமார் 30,000 பேர் வசிக்கும் சிறு நகரம் எங்களுடையது. சொந்தப் போலீஸை மூடிவிட்டு கவுண்டி ஷெரிஃபிடம் ஒப்பந்தம் போடலாமா என்று நகர மன்றத்தில் பேச்சு நடக்கிறது. இது போலீஸைத் தனியார்மயமாக்குவது ஆகாதா?

பதில்: ஆகாது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, ஷெரிஃப் அதன் காவல்துறைத் தலைவர். வேலை ஒரு அரசு அமைப்பிடமிருந்து இன்னொரு அரசு அமைப்பிடம் போகிறது, அவ்வளவுதான். தனியார் காவலாளிகளுக்கு அங்கே சாதாரணக் குடிமகனுக்கு உள்ள கைது அதிகாரத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. அவர்களை வைத்து ஒரு நகரத்தின் போலீஸ் வேலையை நடத்த முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கு 'லேக்வுட் திட்டம்' என்று பெயர். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் 1950 வாக்கில் மூன்றே ஆண்டுகளுக்குள் சுமார் 17,500 வீடுகள் கட்டிய குடியிருப்பு லேக்வுட். பக்கத்து லாங் பீச் அதை விழுங்கப் பார்த்தது. தப்பிக்க 1954-ல் தனி நகரமானார்கள். போலீஸ், சாலை என்று ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் துறை தொடங்காமல் கவுண்டியிடமே காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். இன்று அந்தக் கவுண்டியின் 88 நகரங்களில் 40-க்கும் மேற்பட்டவற்றுக்கு ஷெரிஃப்தான் காவல். நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் குப்பர்டினோவும் சாரடோகாவும்கூட சாந்தா கிளாரா கவுண்டி ஷெரிஃபிடம் ஒப்பந்தம் போட்டவைதான். பக்கத்திலேயே இருக்கும் சன்னிவேல் நேர்மாறு. 1950-லிருந்து அங்கே ஒரே அதிகாரிக்குப் போலீஸ், தீயணைப்பு இரண்டு வேலையிலும் பயிற்சி கொடுத்து, எல்லாவற்றையும் சொந்தக் கையிலேயே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒப்பந்தம் போட்டால் எத்தனை போலீஸ்காரர் கிடைப்பார்கள்?

பதில்: கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். ஆள் கணக்கு உங்களுக்கு வேண்டாம், மணிக் கணக்குதான் வேண்டும். ஒரு ரோந்துக் கார் இரவு பகலாகத் தெருவில் இருக்க ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஆள் வேண்டும். ஒரு போலீஸ்காரருக்குச் சம்பளம் 2,080 மணிக்கு. விடுப்பு, பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள், துப்பாக்கிப் பயிற்சி, கோர்ட்டுக்குப் போகும் நேரம் எல்லாம் கழித்தால் தெருவில் நிற்பது தோராயமாக 1,750 மணி. வகுத்துப் பாருங்கள். ஒரு காருக்கு 5 பேர்! உங்கள் நகரத்தில் 20 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைமை அதிகாரி, சார்ஜென்ட்கள், துப்பறிவாளர் போக 13, 14 பேர் மிஞ்சுவார்கள். எந்த நேரமும் 3 கார் ஓடவே அவர்கள் போதாது. யாராவது இருவர் நோய்வாய்ப்பட்டால் மற்றவர் தலையில் ஓவர்டைம். சிறு நகரங்கள் ஒப்பந்தத்தை நோக்கிப் போவதற்குக் குற்றம் கூடியதைவிட இந்தக் கணக்குதான் பெரும்பாலும் காரணம்.

லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் விற்பதும் மணிக் கணக்கில்தான். '56 மணி யூனிட்' என்றால் நாளுக்கு 8 மணி, வாரம் 7 நாளும் ஒரு ஆள் நிச்சயம். வழக்கமான ஆள் விடுப்பில் போனால் மாற்று ஆளை அனுப்புவது ஷெரிஃப் பொறுப்பு. '40 மணி யூனிட்' மலிவு, ஆனால் மாற்று ஆள் வரமாட்டார். பள்ளிக்கூட அதிகாரி, துப்பறிவாளர் போன்ற வேலைக்கு 40 மணி யூனிட் சரி. ரோந்துக்கு அதை வாங்கிவிட்டால் டிசம்பர் விடுப்புக் காலத்தில் தெரு காலியாக இருக்கும். ஒரு கார் நாள் முழுக்க ஓட மூன்று 56 மணி யூனிட் வாங்க வேண்டும். வாங்கிய நேரத்துக்கும் நிஜமாக வந்த நேரத்துக்கும் மாதாமாதம் அறிக்கை தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் அவசரத்துக்கு உங்கள் கார் போன நேரத்தை அதில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பணம் மிச்சமாகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதல் ஆண்டு பெரும்பாலும் மிச்சமாகும். சான் கார்லோஸ் 2010-ல் சொந்தப் போலீஸைக் கலைத்து சான் மேட்டியோ ஷெரிஃபிடம் போனதற்கும் பட்ஜெட் நெருக்கடிதான் காரணம். ஆனால் ஆலோசகர் அறிக்கையில் 'இப்போதைய செலவு', 'ஒப்பந்தச் செலவு' என்று இரண்டு பத்தி மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மூன்றாவதாக ஒரு பத்தி வேண்டும்: துறையை மூடிய பிறகும் நகரத்தை விடாத செலவு.

அதில் முதலிடம் ஓய்வூதியத்துக்கு. மாநிலத்தின் அரசு ஊழியர் ஓய்வூதிய அமைப்பான கால்பெர்ஸ் நிதியத்தில் ஏற்கனவே ஏறி நிற்கும் பற்றாக்குறை துறை மூடினால் மறையாது. நகரம் வருடா வருடம் கட்டித்தான் ஆக வேண்டும். அதாவது ஷெரிஃபுக்கு ஒரு பில், கலைத்த போலீஸுக்கு ஒரு பில். இதோடு ஊழியர்களின் சேர்ந்த விடுப்புக்கான பணம், நடந்துகொண்டிருக்கும் வழக்குகள், காலியாகும் காவல் நிலையக் கட்டடம். பார்க்கிங் டிக்கெட், நாய்பிடி வண்டி, 911 அழைப்பு இவையெல்லாம் விலைக்குள் அடக்கமா, தனியா என்பதையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

அடுத்தது, விலையை யார் ஏற்றுவது? கவுண்டி மேற்பார்வையாளர் குழு ஆண்டுதோறும் கட்டணத்தை நிர்ணயிக்கும். டெபுட்டிகளின் (ஷெரிஃபின் கீழ் வேலை செய்யும் போலீஸ்காரர்களின்) சங்கத்தோடு கவுண்டி பேசி முடிக்கும் சம்பள உயர்வு அப்படியே உங்கள் பில்லில் வந்து இறங்கும். அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் உங்களுக்கு நாற்காலி கிடையாது. லாஸ் ஏஞ்சலஸில் வழக்கு இழப்பீட்டு நிதிக்கென்று மொத்தக் கட்டணத்தின் மேல் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூடுதலாகவும் போடுகிறார்கள். பக்கத்து ஒப்பந்த நகரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கட்டுகிறீர்கள்.

நகரத்துக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. கவுண்டி தன் பொது நிர்வாகச் செலவை ஒப்பந்த நகரங்களின் தலையில் கட்டக் கூடாது என்று மாநில அரசுச் சட்டத்தொகுப்பின் 51350-வது பிரிவு தடுக்கிறது. ஒப்பந்தம் மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒப்பந்தம் போடாத நகரத்துக்காரர்கள், 'எங்கள் கவுண்டி வரியில் அவர்களுக்குச் சலுகையா?' என்று பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

கேள்வி: மன்றம் 'சரி' என்று வாக்களித்தால் மறுநாளே ஷெரிஃப் கார் வந்துவிடுமா?

பதில்: வராது. நகரச் சாசனத்தில் 'போலீஸ் துறை இருக்க வேண்டும்' என்று இருந்தால் முதலில் மக்கள் வாக்கெடுப்பு. 1968-ன் மையர்ஸ்-மிலியஸ்-பிரவுன் சட்டப்படி, மாற்றத்தின் விளைவுகள் பற்றி ஊழியர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். இருக்கும் அதிகாரிகளை ஷெரிஃப் எடுத்துக்கொள்வதானாலும் பின்னணி விசாரணை, மருத்துவச் சோதனை உண்டு. எல்லோரும் தேறுவார்கள் என்று நம்பக் கூடாது.

யாரும் நினைத்துப் பார்க்காத தலைவலி சாட்சியப் பொருள் அறை. 20 வருடத்து உறைகள், துப்பாக்கிகள், கஞ்சாப் பொட்டலங்கள், பறிமுதல் செய்த ரொக்கம். ஒவ்வொன்றையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, இரு தரப்பும் எண்ணிக் கையெழுத்துப் போட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும். ஒரு உறையின் கைமாறிய வரலாற்றில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால், நடக்கும் வழக்கில் எதிர்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். ரொக்கம், துப்பாக்கி, போதைப்பொருள் மூன்றையும் வெளித் தணிக்கையாளரை வைத்து முதலில் முடியுங்கள். இந்த அறையின் கணக்கு முடியாமல் மாற்றத் தேதியை அறிவிக்காதீர்கள்.

கேள்வி: வந்த அதிகாரி பிடிக்கவில்லை என்றால் மேயர் மாற்றலாமா?

பதில்: மேயரால் முடியாது. ஷெரிஃப் கவுண்டி மக்கள் தேர்ந்தெடுப்பவர், உங்கள் மன்றத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. நகரத்துக்குப் பொறுப்பான கேப்டனைத் தேர்வு செய்யும் நேர்காணலில் நகர மேலாளருக்கு இடம், டெபுட்டிகளைக் குறைந்தது இத்தனை வருடம் மாற்றக் கூடாது என்ற ஷரத்து, புகார்களின் எண்ணிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை தரும் கடமை, இவ்வளவும் கேட்டு வாங்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

கேள்வி: ஒத்துவரவில்லை என்றால் பழையபடி சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ளலாம்தானே?

பதில்: காகிதத்தில் முடியும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் காம்ப்டன் நகரம் 2000-ல் தன் போலீஸைக் கலைத்தது. திரும்பத் தொடங்கலாம் என்ற பேச்சு பிறகு எழுந்தும் கைகூடவில்லை. கட்டடம், கார், ரேடியோ, பதிவேட்டு மென்பொருள் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். ஒரு புதுப் போலீஸ்காரர் அகாடமி, களப் பயிற்சி இரண்டையும் முடித்துத் தனியாகக் கார் ஓட்ட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அந்தக் காலம் முழுக்க இரண்டு போலீஸுக்கும் நீங்களே சம்பளம் கொடுப்பீர்கள்.

எவ்வளவு இழுபறி ஆகும் என்பதற்குக் கனடாவின் சர்ரே நகரத்தைப் பாருங்கள். 1951-லிருந்து அங்கே மத்தியக் காவல்படையான ஆர்சிஎம்பிதான் ஒப்பந்தக் காவல். அதிலிருந்து விலக 2018 நவம்பரில் மன்றம் முடிவெடுத்தது. பெரிய நகரங்களுக்கு ஆர்சிஎம்பி செலவில் 10 சதவீதத்தை மத்திய அரசே ஏற்கிறது, விலகினால் அந்தச் சலுகை போச்சு. புதுப் போலீஸின் முதல் அதிகாரிகள் 2021 நவம்பர் கடைசியில் தெருவுக்கு வந்தார்கள், அதுவும் ஆர்சிஎம்பியின் கட்டளையின் கீழ். 2022 தேர்தலில் வந்த புது மேயர் 'ஆர்சிஎம்பியே போதும்' என்றார். மாகாண அரசு 2023-ல் 'முடியாது, மாற்றத்தைத் தொடருங்கள்' என்று உத்தரவு போட்டது. வழக்கு 2024 மே மாதம் மாகாணத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஜூலையில் மாகாணம் 25 கோடி டாலர் தருவதாக உடன்பாடு. சர்ரே போலீஸ் அதிகாரபூர்வமாகப் பொறுப்பேற்றது 2024 நவம்பர் 29 அன்று. முடிவெடுத்து ஆறு வருடம்!

ஆகவே போகும்போதே திரும்பும் வழியையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: முன்னறிவிப்புக் காலம், கார்களையும் கருவிகளையும் திரும்ப வாங்கும் விலை, வழக்குப் பதிவேடுகள் யாருடைய சொத்து என்பது. காவல் நிலையக் கட்டடத்தை அவசரப்பட்டு விற்காதீர்கள்.

கேள்வி: நம் ஊர் மாநகராட்சிகள் இப்படிச் செய்யலாமா?

பதில்: குத்தகைக்கு விட நம் மாநகராட்சியிடம் போலீஸே இல்லை. அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் காசுக்குக் காவல் நமக்குப் புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்றே ஒரு வரி வருகிறது. பின்னாளில் தென் மாவட்டங்களில் ஊர்க்காவல்காரருக்குக் கூலி கொடுத்தார்கள். களவுபோன பொருளை மீட்காவிட்டால் காவல்காரரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். உங்கள் ஷெரிஃபிடம் அந்த ஷரத்தைக் கேட்டுப் பார்க்காதீர்கள், கிடைக்காது.