பழகிய விமானி, பழகாத கால்கள்

சாகசப் பறத்தல் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பறத்தல் பயிற்றுநர் ஒருவர் அளிக்கும் பதில்கள்

கேள்வி: பல ஆண்டுகளாகப் பயணிகள் ஜெட் விமானங்களை ஓட்டி வருகிறேன், இப்போது ஏ320 வகையில் தலைமை விமானி. சாகசப் பறத்தலைக் கற்க விரும்பி, இரண்டு இருக்கை கொண்ட பிட்ஸ் இரட்டை இறக்கை விமானத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். லூப் (செங்குத்தாக வட்டமடிப்பது), ரோல் (பக்கவாட்டில் உருள்வது) எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் தரையில் நேராக ஓடவும் ஒழுங்காக இறங்கவும் பழகுங்கள் என்கிறார் பயிற்றுநர். என் அனுபவத்துக்கு இது தேவைதானா?

பதில்: தேவைதான். உங்கள் பயிற்றுநர் சரியான இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். வானிலையைக் கணிப்பதிலும், எரிபொருளைக் கணக்கிடுவதிலும், நெருக்கடியில் பதறாமல் முடிவெடுப்பதிலும் நீங்கள் எந்தப் புதிய மாணவரையும்விட வெகுதூரம் முன்னால் இருக்கிறீர்கள். ஆனால் அந்த அனுபவத்தில் உங்கள் கால்கள் பெரிதாகப் பங்கெடுக்கவில்லை. ஏ320 திரும்பும்போது வாலிலுள்ள சுக்கானை வேண்டிய அளவு அசைத்து, மூக்கு பக்கவாட்டில் விலகாமல் பார்த்துக்கொள்வது கணினிதான். புறப்படும் ஓட்டம், குறுக்குக் காற்றில் தரையிறக்கம், ஒரு என்ஜின் நின்றுபோகும் நிலை ஆகியவற்றைத் தவிர்த்தால், சுக்கானை இயக்கும் பெடல்களின் மேல் பாதங்கள் சும்மாதான் இருக்கும். பிட்ஸிலோ, என்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முன்னே தள்ளிய கணத்திலிருந்து விமானத்தை நிறுத்தும் வரை கால்கள் ஓயாமல் உழைக்க வேண்டும். என்ஜினின் விசை கூடினால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். ஓடும் வேகத்தில் வால் எழும்போது, சுழலும் காற்றாடியின் கைரோ விளைவால் (சுழலும் பொருளைச் சாய்த்தால் அது வேறு பக்கம் திரும்பும் இயல்பால்) மீண்டும் ஒருமுறை இடப்பக்கம் இழுக்கும். இரண்டுக்கும் வலது பெடல் உரிய நேரத்தில், உரிய அளவில் அழுத்தப்பட்டிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம், மூக்குக்கு அடியில் இல்லாமல் வாலுக்கு அடியில் இருக்கும் பிட்ஸின் வால் சக்கரம். நீங்கள் பழகிய விமானங்களில் எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், சற்றே கோணலாகத் தரை தொட்டாலும் விமானம் தானாகவே நேராகும். வால் சக்கர விமானத்தில் எடை மையம் அச்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே மூக்கு சிறிதளவு திரும்பினாலும், பின்னாலுள்ள எடை தன் வேகத்தால் அந்தத் திருப்பத்தை மேலும் வளர்க்கும். தள்ளுவண்டியை முன்னும் பின்னும் மாற்றி வேகமாகத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கவனிக்காமல் விட்டால், விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இறக்கை நுனியைத் தரையில் உரசும். ‘கிரவுண்ட் லூப்’ எனப்படும் இந்த விபத்தைத் தடுப்பது, விலகல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே பெடலைச் சிறிதாக, விரைவாக அழுத்தி, உடனே விட்டுவிடும் பழக்கம்தான். பெரிய விமானத்தின் கனத்துக்குப் பழகியவர்கள் பெரும்பாலும் சற்றுத் தாமதமாக, தேவைக்கு அதிகமாக அழுத்துகிறார்கள். அதைச் சரிசெய்ய மறுபக்கம் அதைவிட அதிகமாக அழுத்த நேர்கிறது.

பார்வையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பிட்ஸ் மூன்று சக்கரங்களிலும் நிற்கும்போது அதன் நீண்ட மூக்கு முன்பக்கத்தை முழுவதுமாக மறைத்துவிடும். எனவே தரையில் வளைந்து வளைந்து செல்ல வேண்டும். இறங்கும்போது ஓடுபாதை கண்ணில் படும்படி வளைவாகவோ, பக்கவாட்டில் சரிந்தபடியோ வர வேண்டும். கடைசி நொடிகளில் ஓடுபாதையின் இரு ஓரங்களையும் ஓரக்கண்ணால் பார்த்தே நேர்கோட்டைக் காக்க வேண்டும். மூன்று பாகைச் சரிவில், நெடுந்தொலைவிலிருந்து நேராக இறங்கி வரும் உங்கள் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. த்ராட்டிலை மூடினால், இரண்டு இறக்கைகளும் அவற்றுக்கிடையிலான கம்பிகளும் காற்றில் இழுக்க, இந்த விமானம் மிகச் செங்குத்தாக இறங்கும்.

இன்னொன்றையும் எதிர்பாருங்கள். ஜெட் விமானத்தில் சக்கரங்கள் தரை தொடும்போது உங்கள் கண்கள் ஓடுபாதைக்குப் பல மீட்டர் மேலே இருக்கும். எப்போது மூக்கை உயர்த்த வேண்டும் என்பதை நினைவூட்ட, ரேடியோ உயரமானி ஐம்பது, நாற்பது, முப்பது என்று குரல் கொடுக்கும். பிட்ஸில் அந்தக் குரலும் இல்லை, அந்த உயரமும் இல்லை. பழைய காட்சி மனதில் பதிந்திருப்பதால், தரைக்குச் சில அடி மேலேயே மூக்கை உயர்த்திவிடத் தோன்றும். விமானம் வேகமிழந்து பொத்தென்று விழும். முதன்மைச் சக்கரங்கள் அடிபட்டதும் வால் கீழிறங்கும், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணமான தாக்குகோணம் கூடும், விமானம் மீண்டும் மேலே துள்ளும். அந்தத் துள்ளலை, மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுக் கோலால் அடக்க முயலாமல், த்ராட்டிலை முன்னே தள்ளி மீண்டும் ஒரு சுற்று வருவதே நல்லது. இவை கைவந்த பிறகு லூப் கற்பதற்கு உங்களுக்கு அதிக நேரம் பிடிக்காது.

கேள்வி: பிட்ஸுக்கு இந்தக் காலத்திலும் ஏன் இரண்டு அடுக்கு இறக்கை?

பதில்: அமெரிக்கரான கர்ட்டிஸ் பிட்ஸ் வடிவமைத்த இந்த இரட்டை இறக்கை வகையின் முதல் விமானம் 1944-இல் பறந்தது. இரண்டு குட்டையான இறக்கைகளைக் கம்பிகளால் இழுத்துக் கட்டினால், எடை கூடாமலேயே வலிமை கிடைக்கும். இறக்கையின் நீளம் குறைவதால் விமானம் மிக வேகமாக உருளும். இரண்டு இருக்கை கொண்ட எஸ்-2பி வகையின் இறக்கை விரிவு 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் மட்டுமே. அதை இழுப்பதோ 260 குதிரைத்திறன் கொண்ட என்ஜின். காற்றின் தடை அதிகம் என்பதும் இங்கே ஒரு நன்மைதான்: மூக்கு நேராகத் தரையை நோக்கும்போது வேகம் கட்டுமீறி ஏறாது. பெட்டி ஸ்கெல்டன் என்ற வீராங்கனை 1940-களின் இறுதியில் ஓட்டிய ஒற்றை இருக்கைப் பிட்ஸ், இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டிருக்கிறது. 1972-இல் சார்லி ஹில்லார்ட் உலகச் சாகசப் பறத்தல் பட்டத்தை வென்றதும் பிட்ஸில்தான். பின்னர் ஒற்றை இறக்கை விமானங்கள் உயர்நிலைப் போட்டிகளைக் கைப்பற்றிவிட்டன என்றாலும், கற்பதற்கு இதைப் போன்ற கண்டிப்பான ஆசிரியர் அரிது என்பது என் கருத்து.

கேள்வி: ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) மீட்பை, விமானத்தைப் போலி செய்யும் சிமுலேட்டரில் ஆண்டுதோறும் செய்கிறோம். உண்மையான ஸ்பின் (ஸ்டால் ஆன விமானம் சுழன்றபடி விழுவது) அதிலிருந்து எவ்வளவு வேறுபடும்?

பதில்: பெரிதும் வேறுபடும். பெரிய விமானத்தின் சிமுலேட்டரில் ஸ்டாலின் தொடக்கத்தையும் அதிலிருந்து மீள்வதையும்தான் பழகுகிறீர்கள். உடல் எடை பல மடங்கானதுபோல் அழுத்தும், நீடிக்கும் ஜி விசையையும், தொடர்ந்து சுழலும்போது உள்காதில் ஏற்படும் குழப்பத்தையும் அந்த அறையால் தர முடியாது. பிட்ஸில் மூக்குக்கு முன்னால் நிலம் சுழலத் தொடங்கும்போது, தாழ்ந்த இறக்கையை, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான ஐலரானால் தூக்கவே கை துடிக்கும். ஸ்டால் ஆன இறக்கையில் அது நிலைமையை மோசமாக்கக்கூடும். த்ராட்டிலை மூடி, ஐலரானை நடுநிலையில் வைத்து, சுழற்சிக்கு எதிர்ப்பக்கப் பெடலை முழுவதும் அழுத்தி, கோலை முன்னே நகர்த்தி, சுழற்சி நின்றதும் பெடலை நடுநிலைக்குக் கொண்டுவந்து மெதுவாக மேலெழ வேண்டும்.

இதில் உண்மையான சிக்கல், சுழற்சி எந்தப் பக்கம் என்பதை அறிவதுதான். தலைகீழ் ஸ்பின்னில் விமானம் உருளும் திசையும் மூக்கு திரும்பும் திசையும் எதிரெதிராகத் தோன்றும். உருளலைப் பார்த்து முடிவெடுப்பவர் தவறான பெடலை அழுத்திவிடுவார். மூக்கின் நேர்முன்னே நிலம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். குழம்பிவிட்டால் கையாள, சுவிட்சர்லாந்தின் எரிக் முல்லரும் அமெரிக்காவின் ஜீன் பெக்ஸும் பரப்பிய ஒரு முறை உண்டு: த்ராட்டிலை மூடி, கோலிலிருந்து கையை முற்றிலும் எடுத்துவிட்டு, எதிர்ப்பெடலை முழுவதும் அழுத்துவது. பிட்ஸில் இது நன்கு வேலை செய்யும். எல்லா வகை விமானங்களிலும் செய்யாது என்பதையும் மறவாதீர்கள். சாகசப் பறத்தலுக்கு அமெரிக்க விதிகள் தரைக்கு மேல் குறைந்தது 1,500 அடி கேட்கின்றன. ஸ்பின் கற்கும் மாணவருக்கு அந்த உயரம் போதவே போதாது. அதைவிட வெகு உயரத்தில்தான் தொடங்க வேண்டும்.

கேள்வி: பயணிகள் விமானம் ஓட்டும், ஐம்பதைக் கடந்த என் கணவரின் உடல் சாகசப் பறத்தலைத் தாங்குமா?

பதில்: பெரும்பாலும் தாங்கும், ஆனால் விமானப் போக்குவரத்து மருத்துவரிடம் கழுத்து, முதுகெலும்பு, கண் விழித்திரை ஆகியவற்றைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடச் சொல்லுங்கள். அவர் ஓட்டும் பயணிகள் விமானத்தின் எல்லை +2.5 ஜி, எஸ்-2பி வகையின் எல்லை +6, -3 ஜி. தொடையையும் வயிற்றையும் இறுக்கி மூச்சைக் கட்டுப்படுத்தும் முறையை முதலில் தரையிலேயே கற்க வேண்டும். எதிர் ஜி நிலையிலிருந்து உடனே நேர் ஜி நிலைக்கு இழுத்தால் தாங்குதிறன் குறைந்து, வழக்கத்தைவிடச் சீக்கிரமே பார்வை மங்கும். குமட்டல் தொடங்கும்போதே பாடத்தை நிறுத்திவிட வேண்டும். பொறுத்துக்கொண்டு தொடர்ந்தால் அந்த நாள் வீண். பாராசூட் அணிந்து பறப்பார் என்பதும் உங்களுக்கு ஆறுதல் தரலாம்.

கேள்வி: இந்தப் பயிற்சி பயணிகள் விமானத்தில் உண்மையிலேயே உதவுமா?

பதில்: உதவும், ஒரு நிபந்தனையுடன். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் ஸ்டால் நிலையிலேயே இறங்கிக்கொண்டிருந்தபோதும், கோல் பெரும்பாலும் பின்னிழுக்கப்பட்டே இருந்தது. 228 பேர் உயிரிழந்தார்கள். ஸ்டாலில் கோலை முன்னே தள்ள வேண்டும் என்பது பாடமாக மட்டும் இல்லாமல் உடலின் பழக்கமாகவும் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். 2019 டிசம்பர் முதல் ஐரோப்பிய விதிகளும், புதிதாகப் பயணிகள் விமானத்துக்குச் செல்வோர் உண்மையான விமானத்தில் குறைந்தது 3 மணி நேரம் இத்தகைய மீட்புப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன.

நிபந்தனை, கால்களைப் பற்றியது. பிட்ஸில் முழுப் பெடலை அழுத்துவது அன்றாட வேலை. பெரிய ஜெட் விமானத்தில் அதே பழக்கம் உயிரைப் பறிக்கும். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம் முன்னே சென்ற பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் சிக்கியபோது, பெடல்கள் இருபுறமும் மாறி மாறி அழுத்தப்பட்டதால் வாலின் செங்குத்துத் துடுப்பு முறிந்து போனது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். ஆகவே ஸ்டாலை இனங்காணும் திறனையும், கோலை முன்னே தள்ளும் துணிவையும், தலைகீழாக இருக்கும்போதும் தெளிவாகச் சிந்திக்கும் பழக்கத்தையும் ஏ320-க்குக் கொண்டு செல்லுங்கள். பெடலைக் கையாளும் முறையில் மட்டும் உங்கள் நிறுவனத்தின் நடைமுறையையே பின்பற்றுங்கள். சாகசப் பயிற்சிக்குப் பிறகு வரும் முதல் சிமுலேட்டர் அமர்வில், உங்கள் கால்கள் என்ன செய்கின்றன என்று தனியாகக் கவனிக்கும்படி அங்குள்ள பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.