கணக்குக் கேட்பது அவமதிப்பா?

கேள்வி: பாடசாலை அபிவிருத்திச் சங்கம் குடிநீர்த் தாங்கிக்கெனப் பெற்றாரிடம் பணம் சேர்த்தது. தாங்கி வந்துவிட்டது, கணக்கு வரவில்லை. கேட்டால் அதிபரை அவமதித்ததாகுமா?
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: ஆகாது, அம்மா. அதிபர் பதவிவழியாகச் சங்கத்தின் தலைவராக இருப்பினும், அப்பணம் சங்கத்துக்குரியது. நீங்களும் சங்கத்தின் உறுப்பினரே. நம் ஊரில் அதிபர்மீது வைக்கும் மரியாதை பெரிது, அது நிலைக்கவும் வேண்டும். ஆனால் மரியாதையின் பெயரால் வாய்மூடியிருக்கும்போது, கூட்டத்தில் கேட்கப்படாத கேள்வி ஒழுங்கைகளில் வதந்தியாகி, நேர்மையான அதிபரையே முதலில் காயப்படுத்துகிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வடமராட்சியில் ஒரு சிறிய பாடசாலையில், பொருளாளரான ஆசிரியை மாதந்தோறும் வரவுசெலவைக் கையால் எழுதி, பற்றுச்சீட்டுகளின் பிரதிகளோடு அலுவலக வாசலில் ஒட்டிவைப்பார். பிள்ளையை ஏற்றிச்செல்ல வரும் தகப்பன்மார் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடியே அதை வாசிப்பார்கள். அங்கே சிரமதானத்துக்கு ஆள் குறைந்ததில்லை.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்பே, கணக்கறிக்கையை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். இரண்டு மூன்று பெற்றார் சேர்ந்து ஒப்பமிட்டால் நல்லது. பதில் இல்லையெனில் வலயக் கல்விப் பணிமனையை அணுகலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தால், 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவை அறிவிக்க வேண்டும்.