‘தரவு போதாது’ என்றால் ஆபத்தில்லை என்று பொருளா?

கேள்வி: வரும் அக்டோபரில் நேபாளத்தின் லாங்டாங் பகுதிக்கு மலையேற்றம் போகிறோம். அந்த நாட்டின் சிறு பாலூட்டிகளைப் பற்றிப் படித்தபோது பல பெயர்களுக்கு எதிரே ‘தரவு போதாது’ என்று இருந்தது. அவற்றுக்கு ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? வழியில் ஏதாவது கண்ணில் பட்டால் நாங்கள் செய்யக்கூடியது என்ன? (வாசகி ஒருவர், சேலம்)

பதில்: அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. ‘தரவு போதாது’ என்பது மதிப்பெண் அல்ல. விடைத்தாள் இன்னும் திருத்தப்படவில்லை என்று அர்த்தம்.

எந்த இனத்துக்கு அழியும் ஆபத்து எவ்வளவு என்று வகைப்படுத்துவது சிவப்புப் பட்டியல். 2011இல் வெளியான நேபாளத்தின் தேசியச் சிவப்புப் பட்டியல் 208 பாலூட்டி இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் 83 இனங்கள் இந்தப் பிரிவில் நின்றன. ‘கவலை குறைவு’ என்று சொல்ல முடிந்தது 68 இனங்களைத்தான். அந்த 83இல் பெரும்பகுதி வௌவால், எலி, மூஞ்சூறு வகைகள். ஒரு மூஞ்சூறு எந்த இனம் என்று உறுதிசெய்யப் பல நேரங்களில் பல்லையும் மண்டையோட்டையும் பார்க்க வேண்டும். வௌவாலென்றால் இரவெல்லாம் விழித்திருந்து அதன் ஒலியைப் பதிவுசெய்ய வேண்டும். செங்குத்தான மலையில், மழைக்காலத்தில் இதைச் செய்ய ஆளும் பணமும் எளிதில் கிடைப்பதில்லை. புலிகளை ஒவ்வொன்றாக எண்ணி, 2009இல் 121 ஆக இருந்தவை 2022இல் 355 ஆகப் பெருகியிருக்கின்றன என்று நேபாளம் சொல்கிறது. பாராட்ட வேண்டிய சாதனைதான். ஆனால் அதே அக்கறையின் ஒரு பங்காவது எலிகளுக்கும் வௌவால்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1973ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு பெற்ற 27 பாலூட்டிகளில் செம்பாண்டாவும் இரண்டு வகை எறும்புத்தின்னிகளும் உண்டு. ஒரு வௌவாலோ எலியோ மூஞ்சூறோ இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உலக அளவிலான நிலையும் ஒரு நாட்டுக்குள்ளான நிலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குள்ளப் பன்றி அசாமில் இன்னும் பிழைத்திருக்கிறது. நேபாளத்தின் பட்டியலிலோ அது அற்றுப்போன இனம். மறுபுறம், நேபாளத்தின் நடுப்பகுதி மலைக்காடுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத இமாலய வயல் எலி அங்கே அழிந்தால், உலகத்திலிருந்தே போய்விடும்.

நீங்கள் போகும் பாதையில் பார்க்க அதிக வாய்ப்புள்ளது பைக்கா. நேபாளிகள் அதை ‘முசே கராயோ’ என்கிறார்கள். எலிமுயல் என்று பொருள். வடிவம் எலியைப் போல, உறவு முயலோடு. கோசாய்குண்டம் ஏரிக்கு ஏறும் வழியில் பாறைக் குவியல்களின் அருகே பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். இரண்டு கற்களுக்கு நடுவே வட்டக் காது தெரியும். பிறகு செம்பழுப்புத் தலை, கைக்குள் அடங்கும் உருண்டை உடல். வால் வெளியே தெரியாது. நிழல் அசைந்தால் கல்லிடுக்கில் மறைந்துவிடும்; பொறுத்திருந்தால் பெரும்பாலும் அதே கல்லுக்குத் திரும்பி வரும். இப்போதைக்கு இதன் நிலை ‘கவலை குறைவு’தான். அதற்காகப் பிஸ்கட் போட வேண்டாம். கல்லைப் புரட்டவும் வேண்டாம். குளிருக்கும் வெயிலுக்கும் பருந்துக்கும் அதற்கு இருக்கும் ஒரே அடைக்கலம் அந்த இடுக்குதான். மீந்த உணவை வழியில் எறிந்தால் தெருநாய்கள் மேலேறி வரும். சிற்றுயிர்களுக்கு அவற்றைவிடப் பெரிய எதிரி குறைவு.

பார்த்ததைப் பதிவுசெய்யுங்கள். ஒரு படம், தேதி, இடம், உயரம், பாறையா புல்லா காடா என்ற ஒரு வரிக் குறிப்பு. படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. உயிரினங்களைப் பார்த்த பதிவுகளைப் பகிரும் ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலியில் ஏற்றினால் விவரம் தெரிந்தவர்கள் அடையாளம் காண உதவுவார்கள். அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் சரியான இடத்தை அது தானாகவே மறைத்துவிடும்.

வௌவால் அடையும் குகைக்குள் டார்ச் விளக்கோடு நுழையாதீர்கள். எந்தச் சிறு விலங்கையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

எறும்புத்தின்னியின் வளையை எங்காவது கண்டால் மட்டும் சமூக ஊடகத்தில் எதையும் போடாதீர்கள். அதன் செதிலுக்காக ஆள்வைத்துத் தேடும் கும்பல்கள் உண்டு. படத்தைப் பூங்கா அலுவலர் ஒருவரிடம் காட்டி, இடத்தை அவரிடம் மட்டும் சொல்லுங்கள்.